அழைப்பவர் யார்? திண்டுக்கல் சமவெளியின் மண அழைப்பு மரபும் அச்சு அழைப்பிதழும்

ஆய்வுச் சுருக்கம்

திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் களமாகக் கொண்டு, மண அழைப்பு என்னும் வழக்கத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மண அழைப்பில் அறிவித்தல், அழைத்தல், சான்றாதல் என மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த காலத்தில் முதல் இரண்டும் ஒன்றாக இருந்தன. அச்சு அவற்றைப் பிரித்தது. அண்மைக்காலச் சட்டங்களும் அரசு நடைமுறைகளும் மூன்றாவதற்கு வலிமை சேர்த்தன. தாளும் எழுத்தும் மாறிய வரலாற்றைவிட, 'அழைக்கும் உரிமை' யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே அழைப்பிதழ் தரும் முதன்மையான வரலாற்றுச் செய்தி என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மண அழைப்பு, பாக்கு வைத்தல், அழைப்பிதழ், மொய், ஓலை, சுயமரியாதைத் திருமணம், திண்டுக்கல்

முன்னுரை

தமிழ்த் திருமண அழைப்பிதழ்கள் பலவற்றில் ஒரு தொடர் இடம்பெறுவதைக் காணலாம். 'நேரில் வந்து அழைத்ததாகக் கருதி இவ்வழைப்பினை ஏற்று' வருகைதர வேண்டும் என்பது அத்தொடரின் கருத்து. அழைப்பிதழே தன்னை முழுமையான அழைப்பாகக் கருதவில்லை என்பதற்கு இத்தொடரே சான்று. நேரில் செல்லுதல்தான் அழைப்பு; தாள் அதற்கு ஈடாகத் தரப்படுவது, அவ்வளவே. அச்சுத் தொழில் வேரூன்றித் தலைமுறைகள் பல கடந்தும் இத்தொடர் மறையவில்லை.

திருமணச் சடங்குகள் குறித்து இனவரைவியல் நோக்கிலும் நாட்டுப்புறவியல் நோக்கிலும் ஆய்வுகள் பல வந்துள்ளன. மதுரைக்கு மேற்கே வாழும் பிறமலைக் கள்ளரை ஆராய்ந்து லூயி துய்மோன் 1957இல் வெளியிட்ட நூலும், கொங்கு நாட்டு வேளாண் சமூகத்தை ஆராய்ந்து பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட நூலும் திண்டுக்கல் சமவெளியின் இரு அண்டைப் பகுதிகளைப் பற்றியவை. இவ்விரு பண்பாட்டு வட்டாரங்களுக்கும் இடையில் அமைந்த திண்டுக்கல், இரண்டின் வழக்கங்களும் கலந்த நிலப்பகுதி. 1985இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியில் தமிழுடன் தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம், உருது ஆகியவற்றை வீட்டுமொழியாகக் கொண்டோரும் வாழ்கின்றனர். இந்து, இசுலாமிய, கத்தோலிக்க மண வழக்கங்களை ஒரே நகரில் ஒப்பிட்டு நோக்க இது வாய்ப்பளிக்கிறது.

1. இலக்கியச் சான்றுகள்: யானையும் ஓலையும்

அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் பழந்தமிழர் மணவினையை விரிவாகக் காட்டுவன. மணநாள், பந்தல், விருந்து, மகளிர் மணமகளை நீராட்டுதல் ஆகியன இவற்றில் இடம்பெறுகின்றன. சுற்றத்தார் எவ்வாறு அழைக்கப்பட்டனர் என்பதை இப்பாடல்கள் விளக்கவில்லை. ஓர் ஊரினுள், நெருங்கிய சுற்றத்தினுள் நிகழும் மணத்திற்குத் தனி அழைப்பு முறை பாடப்பட வேண்டிய தேவை எழுந்திருக்காது எனக் கருதலாம்.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் நிலை வேறு. கோவலன், கண்ணகி இருவரின் பெற்றோரும் மணநாளைக் குறித்தபின், அணிகலன் பூண்ட மகளிரை யானையின் பிடரியில் ஏற்றிப் புகார் நகருக்கு அச்செய்தியை அறிவிக்கின்றனர். வணிகப் பெருநகரில் மணச் செய்தி வீட்டு எல்லையைக் கடந்து நகரம் முழுமைக்கும் உரியதாகிறது. இங்கு இரண்டு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, அறிவிப்பவர் மகளிர். மற்றொன்று, அறிவிப்பே செல்வத்தின் வெளிப்பாடாகவும் அமைகிறது. அழைப்பிதழின் தடிமனிலும் பொன்வண்ண எழுத்திலும் குடும்பத்தின் நிலையைக் காட்டும் இன்றைய போக்குக்கு இது பழைய முன்னோடி எனலாம்.

எழுத்து வடிவம் பெரியபுராணத்தில் தெளிவாகத் தோன்றுகிறது. சுந்தரரின் மணத்தைக் கூறும் தடுத்தாட்கொண்ட புராணத்தில், மணநாள் குறித்த ஓலை பெண் வீட்டாரின் ஊராகிய புத்தூருக்கு மங்கலப் பொருள்களுடன் எடுத்துச் செல்லப்படுகிறது. அதே மணப்பந்தலில் முதியவர் ஒருவர் அடிமை ஓலையைக் காட்டி மணத்தைத் தடுப்பதும் அப்புராணத்தின் நிகழ்வே. ஓர் ஓலை மணத்தைக் கூட்டுகிறது. மற்றோர் ஓலை அதனைக் கலைக்கிறது. எழுத்து செய்தியைச் சொல்வதோடு உரிமையை நிலைநாட்டுவதாகவும் அமைகிறது என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் இக்கதையமைப்பில் காட்டியுள்ளார். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இக்கருத்து இன்றியமையாதது.

2. பாக்கு வைத்தல்

திண்டுக்கல் வட்டாரப் பேச்சுவழக்கில் இன்றும் அழைப்பிதழைக் 'கொடுத்தல்' என்பதைவிடப் 'பத்திரிகை வைத்தல்' என்பதே பெருவழக்கு. தாளுக்கு முன்பு 'பாக்கு வைத்தல்' இருந்தது. அவ்வினைச்சொல் அதிலிருந்தே வந்தது. தட்டில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மஞ்சள், குங்குமம் ஆகியவற்றை வைத்து நீட்டுவதும், எதிரிலிருப்பவர் அதை இரு கைகளாலும் ஏற்பதும் அழைப்பின் உயிர்ப்பகுதி. வாய்ச்சொல் அதனுடன் சேர்ந்தே வரும். 'மாமா, வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுறோம், மொத நாளே குடும்பத்தோட வந்துரணும்' என்று மருமகன் முறையுள்ளவர் சொல்வதும், 'எங்க வீட்டுக் கல்யாணம்ப்பா, வராம இருப்போமா' என்று மாமன் முறையுள்ளவர் ஏற்பதும் இச்சடங்கின் உரையாடல் வடிவம். வெற்றிலையை ஏற்றவர் வருகைக்கு மட்டுமல்லாமல் செய்முறைக்கும் கடமைப்பட்டவராகிறார்.

இவ்வழைப்பில் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்குகள் பின்வருமாறு:

முதல் அழைப்பு குலதெய்வத்திற்கு உரியது. அடுத்துத் தாய்மாமன். இவ்வரிசை பிறழ்ந்தால், பின்னர் எத்தனை முறை அழைத்தாலும் குறை தீர்வதில்லை. பங்காளிகளை அழைப்பதற்கும் சம்பந்தி வழியினரை அழைப்பதற்கும் வேறுபாடு உண்டு. பங்காளிகள் மணவீட்டாருடன் சேர்ந்து அழைப்பவர்கள். சம்பந்தி வழியினர் அழைக்கப்படுபவர்கள். ஆகவே பங்காளி ஒருவருக்கு வெறும் தாளை மட்டும் தந்தால், அவரை விருந்தினராக்கி விலக்கியதாகப் பொருள்படும்.

அழைக்கச் செல்வோர் பெரும்பாலும் கணவனும் மனைவியுமாகச் செல்வர். ஆண் மட்டும் சென்று அழைத்தால், 'வாசலோடு சொல்லிவிட்டுப் போனார்' என்ற குறை எழும். வீட்டில் பெரியவர்கள் இல்லாதபோது இளையோர் கையில் தந்துவிட்டு வருதலும் குறையே. இராகுகாலம், எமகண்டம் ஆகியவற்றைத் தவிர்ப்பர். ஆடி, மார்கழி மாதங்களில் மணம் நிகழ்த்தாத வழக்கினால், தை, வைகாசி, ஆவணி ஆகிய மாதங்களின் முகூர்த்த நாள்களை ஒட்டியே அழைப்புப் பயணங்கள் அமைகின்றன.

அழைக்க வேண்டியோர் பட்டியல் எங்கிருந்து பெறப்படுகிறது? இவ்வினாவிற்கு விடையாக அமைவது மொய் நோட்டு. முந்தைய மணத்திலோ காதணி விழாவிலோ எழுதிய மொய் நோட்டில் ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை என்ற வரிசையில் பதிவுகள் இருக்கும். புதிய மணத்திற்கு நாள் குறித்ததும் அந்நோட்டை எடுத்து ஊர்வாரியாகப் பெயர் எழுதுவதே முதல் வேலை. மொய் எழுதியவரை அழைக்காமல் விடுவது, அவர் கொடுத்ததைத் திரும்பப் பெறும் வழியை அடைப்பதாகும். அழைக்காத வீட்டுக்குச் செல்வது தன்மானத்திற்கு இழுக்கு என்பதால், அவர் வரவும் இயலாது. கணக்கை முடிக்கவும் இயலாது. சிற்றூர்களில் தலைமுறை கடந்து நிற்கும் மனவருத்தங்களில் 'பத்திரிகை வைக்காத' குறை பெரிதாக இடம்பெறுவதற்குக் காரணம் இதுவே. மறதியாக மணவீட்டார் கருதுவதை, உறவு முறிப்பாக எதிர்வீட்டார் கருதுவர்.

பாக்கு வைத்தல் எல்லாருக்கும் ஒரே வகையில் அமையவில்லை என்பதும் பதிவு செய்யப்பட வேண்டியது. ஒரே ஊரில் வாழ்ந்தும் சிலர் தட்டுடன் அழைக்கப்பட்டனர்; சிலருக்குச் செய்தி மட்டும் சொல்லி அனுப்பப்பட்டது. நாவிதரும் வண்ணாரும் மணச் செய்தியையும் இழவுச் செய்தியையும் வீடுவீடாகச் சுமந்தனர். ஆயினும் அவர்களுக்கு அது தொழிற்கடமை. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளுக்கு மணவீட்டார் நேரில் சென்று வெற்றிலை தட்டை நீட்டும் வழக்கம் ஆதிக்கச் சாதியினரிடம் இருக்கவில்லை. சொல்லி அனுப்புதல், வேலைக்கு வருமாறு பணித்தலாகவே அமைந்தது. அறிவித்தலும் அழைத்தலும் ஒன்றாக இருந்த காலம் என்று மேலே கூறப்பட்டது, சமமானவர் என ஏற்கப்பட்டோருக்கு மட்டுமே பொருந்தும்.

3. அச்சு கொண்டுவந்த பிரிவு

1835இல் அச்சகம் நடத்துவதற்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் இந்தியர்களின் அச்சகங்கள் தமிழகத்தில் பெருகின. 1875இல் திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், மதுரை ஆகியவற்றை இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. புகையிலை, தோல், பூட்டு ஆகிய தொழில்களால் வளர்ந்த திண்டுக்கல் நகரத்தார்க்கு வெளியூர்த் தொடர்புகள் விரிந்தன. நடந்தோ வண்டியிலோ சென்று அழைக்க இயலாத தொலைவில் உறவினரும் வணிகத் தொடர்பினரும் இருக்கத் தொடங்கியபோதுதான் அச்சிட்ட தாள் தேவையாயிற்று. எனவே அச்சு அழைப்பிதழ் தொடக்கத்தில் தொலைவில் உள்ளோருக்கு உரியது. அருகில் உள்ளோருக்குப் பாக்கே போதுமானதாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் சிவகாசியின் வளர்ச்சி இந்நிலையை மாற்றியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சிட்டை அச்சிட வளர்ந்த அத்தொழில், பிற்காலத்தில் வண்ண அழைப்பிதழ் அட்டைகளையும் ஏராளமாக உருவாக்கித் தந்தது. தெய்வ உருவமும் பூவேலையும் அச்சிட்ட வெற்று அட்டைகள் அங்கிருந்து வந்தன. பெயரும் நாளும் இடமும் உள்ளூர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்து, டிரெடில் பொறியில் அச்சிடப்பட்டன. இவ்வாறு ஒரே அழைப்பிதழ் இரண்டு ஊர்களில் அச்சானது. அச்சகத்தின் மேசைமேல் இருக்கும் மாதிரி ஆல்பத்தைப் புரட்டி அட்டையைத் தேர்வதும், முன்பு அச்சான ஒன்றைக் காட்டி 'இதே மாதிரி' எனச் சொல்வதும் வழக்கமாயின. அழைப்பிதழ் நடை வாய்பாடாக இறுகியதற்கு இது முதன்மைக் காரணம். எழுத்துக் கோப்பவரிடம் ஏற்கனவே கோத்து வைத்த வரிகள் இருந்தன. வீட்டார் பெயர்களை மட்டும் மாற்றினர்.

மொழி சார்ந்த விளைவு ஒன்றும் இங்கு நேர்ந்தது. சின்னாளபட்டியில் கன்னடத்தை வீட்டுமொழியாகக் கொண்ட நெசவாளர்களும், சமவெளியின் தெலுங்கு மொழியினரும், நகரின் சௌராட்டிர மொழியினரும் அழைப்பிதழைப் பெரும்பாலும் தமிழிலேயே அச்சிடுகின்றனர். வாயால் அழைக்கும்போது வீட்டுமொழி, தாளில் தமிழ். அழைத்தலும் அறிவித்தலும் பிரிந்துவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

தமிழின் உள்ளேயும் மாற்றம் நிகழ்ந்தது. 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' என்னும் தலைப்பு 'திருமண அழைப்பிதழ்' என மாறியதில், 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கமும் அதன்பின் வந்த திராவிட இயக்கத்தின் தாக்கமும் உண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயருக்கு மாற்றாகவோ அதனுடன் சேர்த்தோ திருவள்ளுவர் ஆண்டு இடுவோரும் தோன்றினர். ஆயினும் பேச்சில் 'பத்திரிகை' என்ற சொல் நிலைத்துவிட்டது. எழுத்துத் தமிழ் மாறியும் செயலைக் குறிக்கும் சொல் மாறவில்லை.

அறிவிப்புக்கும் அழைப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கத்தோலிக்க வழக்கம் தெளிவுபடுத்துகிறது. திருமணத்திற்கு முன் கோவிலில் மணமக்களின் பெயர்களை வாசித்து, தடை அறிந்தோர் தெரிவிக்குமாறு கேட்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'ஓலை வாசித்தல்' என்பர். ஓலைச்சுவடி வழக்கொழிந்தபின்னும் இச்சொல் வாழ்கிறது. இது யாரையும் விருந்துக்கு அழைப்பதில்லை. மறுப்பு உண்டா என வினவுகிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் வேண்டும் முப்பது நாள் அறிவிப்பும் இதே இயல்பினது. இவற்றுக்குப் புறம்பாகத் திண்டுக்கல்லின் கத்தோலிக்கக் குடும்பங்களும் உறவினர் வீடுகளுக்கு நேரில் சென்று அழைப்பிதழ் தருகின்றன. பேகம்பூர் முதலிய பகுதிகளின் இசுலாமியக் குடும்பங்களின் அழைப்பிதழில் இறைப்பெயரும் ஹிஜ்ரி நாளும் முதலில் நிற்கும். முகூர்த்தம், இராகுகாலம் என்ற கணக்குகள் அங்கில்லை. ஆயினும் முக்கிய உறவினரை நேரில் சென்று அழைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மூன்று சமயத்தாரிடமும் ஒன்றே. சமயம் வாசகத்தை வேறுபடுத்துகிறது; அழைக்கும் முறையை வட்டாரம் ஒன்றுபடுத்துகிறது.

4. பெயர் வரிசையும் விடுபட்ட பெயர்களும்

அழைப்பிதழை ஆவணமாகப் படிக்கும்போது ஆய்வாளர் முதலில் நோக்க வேண்டியது 'இப்படிக்கு' என்னும் பகுதியை. அழைப்பவர் யார் என்பது அங்கே தெரியும். தாத்தா, பாட்டி, தந்தை, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை வீட்டார் என நீளும் இப்பட்டியலில் இடம்பெறுதல் பெருமை, விடுபடுதல் பூசல். சில அழைப்பிதழ்களில் மணமக்களின் பெயரைவிட இப்பட்டியல் கூடுதலான இடம் கொள்கிறது. பாக்கு வைக்கும் காலத்தில் அழைக்க உடன்வந்த பங்காளிகளின் கூட்டமே, அச்சில் பெயர் வரிசையாகியது எனலாம்.

சாதிப் பெயர் இவ்வரிசையில் பெற்ற மாற்றம் குறிப்பிடத்தக்கது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அதற்கு முந்தைய ஆண்டில், அருப்புக்கோட்டை அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் பெரியார் தலைமையில் நிகழ்ந்தது. இவ்வியக்கம் அழைப்பிதழின் வடிவத்தையே மாற்றியது. முகூர்த்தத்தின் இடத்தில் 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' வந்தது. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்ற வரிசையால் மண அழைப்பிதழ் பொதுக்கூட்ட அறிக்கையின் தோற்றம் பெற்றது. பெயருக்குப் பின்னிருந்த பட்டம் பெருமளவு மறைந்தது. எனினும் குலதெய்வத்தின் பெயர், 'வகையறா' என்னும் சொல், ஊர்ப்பெயர் ஆகியவற்றின்வழி வட்டாரத்தார் சாதியை எளிதில் உணர்கின்றனர். பட்டம் நீங்கியது, அடையாளம் தாளின் வேறு மூலைக்கு இடம் மாறியது.

கணவனை இழந்த பெண்களின் பெயர் குறித்த வழக்கம் இன்னும் ஆழமானது. மணமகனின் தந்தை இறந்திருந்தால், 'தெய்வத்திரு' என்ற அடையுடன் அவர் பெயர் அச்சாகும். உயிருடன் இருக்கும் தாயின் பெயர் அதனுடன் சேர்ந்து 'அவர்களின் குமாரர்' என்ற அளவில் நிற்கும். ஆனால் அழைப்பவராகப் பெரியப்பா அல்லது சித்தப்பா இணையர் பெயர் இடப்படும். இறந்தவர் தாளில் இருக்கலாம். அவரை இழந்தவர் அழைக்கலாகாது என்பதே இவ்வழக்கத்தின் உட்பொருள். வெற்றிலை தட்டை ஏந்தும் உரிமையும் அவ்வாறே மறுக்கப்பட்டது.

இது குறித்துக் கட்டுரையாளரின் குடும்பச் சான்று ஒன்றை இங்குப் பதிவு செய்வது பொருந்தும். தந்தையார் மறைந்தபின் நிகழ்ந்த தமக்கையின் திருமணத்திற்குப் பெரியப்பாவின் பெயரில் அழைப்பிதழ் அச்சானது. பட்டியலை எழுதியவரும், மொய் நோட்டைப் பார்த்து ஊர்வாரியாகப் பெயர் பிரித்தவரும், செலவைத் திரட்டியவரும் தாயாரே. அழைக்கச் சென்ற வீடுகளில் அவர் வாசலுக்கு வெளியே நின்றார். அத்தை தட்டை நீட்டினார். சில ஆண்டுகளுக்குப்பின் தமையனின் திருமணத்தில் அழைப்பவராகத் தாயாரின் பெயர் மட்டும் அச்சிடப்பட்டது. அச்சுப்படியைப் பார்த்த பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். திருமணத்திற்கு முதல் நாளே வந்து பந்தல் வேலையைப் பார்த்தார். ஒரு குடும்பத்தின் இரு அழைப்பிதழ்களைக் கொண்டு பொதுமுடிவு கூற இயலாது. ஆனால் இத்தகைய மாற்றத்தைக் காட்டும் வேறு எழுத்துச் சான்று அக்குடும்பத்தில் இல்லை என்பது கருதத்தக்கது. நிலப் பத்திரத்திலோ குடும்ப அட்டையிலோ இது பதிவாகாது.

திண்டுக்கல் சமவெளியில் இவ்வினாவுக்கு ஒரு பொதுவரலாற்றுப் பின்னணியும் உண்டு. சின்னாளபட்டி அருகே 1947இல் காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவரான டாக்டர் சௌந்தரம் இளமையில் கணவரை இழந்தவர். 1940இல் சேவாகிராமத்தில் காந்தியடிகளின் முன்னிலையில் ஜி. இராமச்சந்திரனை மணந்தார். சாதியும் மொழியும் கடந்த மறுமணம் அது. உறவினர் பெயர் வரிசையின் வலிமையால் அன்றி, மணமக்களின் உறுதியால் நிகழ்ந்த மணம் என்ற வகையில், அடுத்த பகுதியில் ஆராயப்படும் சிக்கலுக்கு அது முன்னுரையாகிறது.

5. அஞ்சலும் கைபேசியும்

வெளியூர் அழைப்புகளுக்கு அஞ்சல் பெருந்துணையாயிற்று. அச்சிட்ட தாளை ஒட்டாத உறையில் இட்டுக் குறைந்த கட்டணத்தில் 'புக் போஸ்ட்' முறையில் அனுப்பினர். உறையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுதல் மங்கலக் குறியாயிற்று. எழுத்தறியாதவரும் அஞ்சல்காரர் கையிலிருக்கும்போதே அது நற்செய்தி என அறிந்தனர். வர இயலாதோர் வாழ்த்துத் தந்தி அனுப்பினர்; அவை மணமேடையில் வாசிக்கப்பட்டன. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டதுடன் அவ்வழக்கமும் முடிந்தது.

கைபேசிச் செய்திவழி அழைப்பிதழின் படத்தை அனுப்புதல் இன்று பரவலாகியுள்ளது. அச்சின் தொடக்கத்தில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்கிறது. தொலைவில் உள்ளோருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் படம் போதும், தாய்மாமனுக்குப் போதாது. முன்பு பாக்குக்கு இருந்த இடத்தை இப்போது அச்சு அட்டை பெற்றுள்ளது. ஒரு காலத்தில் குறையுடைய அழைப்பாகக் கருதப்பட்ட தாள், கைபேசி வந்தபின் முறையான அழைப்பின் சின்னமாக உயர்ந்துவிட்டது.

6. அழைப்பிதழ் சான்றாவணமாதல்

2006 பிப்ரவரியில் சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று கூறியது. அதைத் தொடர்ந்து இயற்றப்பட்ட தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவின்போது மணம் நிகழ்ந்ததற்கான சான்றுகளுள் ஒன்றாகத் திருமண அழைப்பிதழ் ஏற்கப்படுகிறது. இதனால் விழா முடிந்ததும் பயனற்றுப்போன தாள், பாதுகாத்து வைக்க வேண்டிய ஆவணமாயிற்று.

பெருந்தொற்றுக் காலத்தில் இத்தன்மை மேலும் வலுப்பெற்றது. 2020 மே மாதத்தில் நடுவண் அரசின் நெறிமுறைகள் திருமணத்திற்கு ஐம்பது விருந்தினர் என வரம்பிட்டன. பயணத்திற்கான இ-பாஸ் பெற அழைப்பிதழ் கேட்கப்பட்டது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் திருமணத்திற்கான இ-பதிவில், விண்ணப்பிப்பவரின் பெயர் அழைப்பிதழில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. உறவினரிடையே பூசலுக்குக் காரணமாக இருந்த பெயர் வரிசை, அக்காலத்தில் சாலையில் பயணம் செய்யும் உரிமைக்கே ஆதாரமாயிற்று. அழைப்பவர் பட்டியலில் இல்லாத தாய்மாமன் விண்ணப்பிக்க இயலாது என்பது அதன் நடைமுறைப் பொருள்.

ஆனால் அழைப்பிதழே இல்லாத திருமணங்களின் நிலை என்ன? சுயமரியாதைத் திருமணங்களின் சட்ட வரலாறு இங்குத் துணைபுரிகிறது. தெய்வயானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கின்றி நிகழ்ந்த அத்தகைய மணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா தலைமையிலான அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்து, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ தாலி கட்டினாலோ மணம் செல்லும் என அது வகுத்தது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நிகழும் மணங்கள் இப்பிரிவின்படி செல்லா எனத் தீர்ப்பளித்தது. மணத்திற்குப் பொது அறிவிப்பு இன்றியமையாதது என்பது அதன் அடிப்படை. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்கவில்லை. குடும்ப எதிர்ப்பினாலோ பாதுகாப்பு அச்சத்தினாலோ பொது அறிவிப்புச் செய்ய இயலாத இணையர் உண்டு என்பதை அத்தீர்ப்பு கருத்தில் கொண்டது.

மண அழைப்பின் வரலாற்றில் இத்தீர்ப்புக்கு உரிய இடம் இன்னும் உணரப்படவில்லை. சாதி கடந்து மணம் செய்வோருக்கு வெற்றிலை தட்டும் இல்லை, பெயர் வரிசையும் இல்லை. அவர்கள் மணத்தை அறிவிப்பதே உயிருக்கு ஊறாகலாம். பதிவு நடைமுறையில் அழைப்பிதழை இயல்பான சான்றாக எதிர்பார்க்கும்போது, பெற்றோரின் இசைவு மறைமுகமாக எதிர்பார்க்கப்படுகிறது. அழைக்கும் உரிமை குடும்பத்திடம் இருக்கும்வரை, அழைப்பிதழைச் சான்றாக்குவது அவ்வுரிமைக்கு அரசின் முத்திரையைத் தருவதாகும். மணம் இருவரின் ஒப்புதலால் அமைவது. அழைப்பு சுற்றத்தின் ஒப்புதலால் அமைவது. சட்டம் முன்னதைக் காக்க வேண்டுமாயின், பின்னதை அதன் அளவுகோலாக்குவது முரணாகும்.

முடிவுரை

திண்டுக்கல் சமவெளியில் மண அழைப்பின் கருவிகள் வெற்றிலை, அச்சுத்தாள், கைபேசிப் படம் என மாறியுள்ளன. ஒவ்வொரு புதிய கருவியும் தொலைவில் உள்ளோருக்கான அறிவிப்பாகத் தொடங்கியது. அருகில் உள்ளோருக்கு நேரில் செல்லும் கடமை நீங்கவில்லை. இத்தொடர்ச்சிக்கு உறவும் மொய்யும் இணைந்த கடமைக் கணக்கு அடிப்படையாகும். அக்கடமையின் மறுபக்கமாக, யார் அழைக்கலாம் என்ற வரையறையும் தொடர்ந்தது. தாழ்த்தப்பட்டோருக்குச் சொல்லி மட்டும் அனுப்பியதும், கணவனை இழந்தோரின் பெயரை ஒதுக்கியதும், சாதி மறுத்து மணந்தோரை அழைப்பற்றவராக்கியதும் அவ்வரையறையின் மூன்று வெளிப்பாடுகள்.

எனவே அழைப்பிதழ்களைத் தொகுப்பதும் பேணுவதும் சமூக வரலாற்றாய்வின் உடனடித் தேவைகளுள் ஒன்று. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் தொகுப்பில் நூல்களுடன் திருமண அழைப்பிதழ்களும் இடம்பெற்றிருப்பது இதற்கு வழிகாட்டி. கோட்டையூரில் தனிமனிதர் ஒருவர் சேர்த்த தொகுப்பே அதன் தொடக்கம். மாவட்ட அளவில் கல்லூரித் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இப்பணியை மேற்கொள்ளலாம். முன்பு வீடுகளில் கடிதக் கம்பியில் குத்தி வைக்கப்பட்ட அழைப்பிதழ்கள், வீடு இடிக்கப்படும்போது பழைய தாள் கடைக்குச் செல்கின்றன. கைபேசிப் படங்கள் அதனினும் விரைவாக அழிகின்றன. அவற்றுடன் அழிவது மணநாளும் மண்டபத்தின் பெயரும் மட்டுமல்ல. ஒரு குடும்பம் தன் சார்பில் அழைக்கும் தகுதியை எவருக்கு, எந்த ஆண்டில் முதன்முதலாக வழங்கியது என்னும் பதிவும் அழிகிறது.